செஞ்சிக் கோட்டைக்குப் போன நாலு பல்

விழுப்புரத்தில் பல் போனவர்களுக்கெல்லாம் பல் கட்டிக் கொடுத்த மகானுபாவர் தேவநாதன். அவருடைய பெண்டாட்டி கெங்கம்மாளுக்கு மேல் வரிசையில் முன்பல் நான்கு கிடையாது. ஒன்பது வருடமாகக் கிடையாது. ஊரில் இதை ஒருவரும் அதிசயமாக நினைக்கவில்லை. தேவநாதனும் நினைக்கவில்லை என்பதுதான் கெங்கம்மாளின் வயிற்றெரிச்சல்.

காணையில் கரும்பும் நெல்லும் வைத்திருந்த குடும்பத்துப் பெண் அவள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில் கல்யாணம் ஆகி விழுப்புரம் வந்தாள். சீதனமாக ஒரு கறவை மாடும் கூடவே வந்தது. மறு வருடம் ஒருநாள் காலையில் பால் கறக்கும் முன் கழுத்தைத் தடவக் குனிந்தவளைப் பார்த்து மாடு என்ன நினைத்ததோ, தலையை ஓர் உதறு உதறியது. பிறந்த வீட்டு மாடு, பிரியம் அதிகம். கொம்பின் அடிப்பகுதி வாயில் பட்டு நான்கு பற்களும் தொழுவத்துச் சாணத்தில் விழுந்தன. தேவநாதன் ஓடி வந்தார், வாயைத் திறந்து பார்த்தார், "நல்லவேளை, வேரோட வந்துட்டுது. பல்லு செட்டு கட்ட ரொம்ப சுலபம்" என்றார். இப்படி ஆறுதல் சொல்ல எத்தனை புருஷனுக்கு வரும்!

சுலபமான காரியம்தானே, எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று அன்றைக்கே அதை ஒத்திப் போட்டுவிட்டார்.

கெங்கம்மாள் வாயை முந்தானையால் மறைத்துக்கொண்டு பேசப் பழகினாள். பிறகு பேசுவதையே குறைத்துக்கொண்டாள். சிரிப்பு வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். தெருவில் அவளுக்கு ஏகப்பட்ட நற்பெயர். "தேவநாதன் பொண்டாட்டிய பாருடி, இன்னா அடக்கம், இன்னா ஒடுக்கம்" என்று மாமியார்கள் தங்கள் மருமகள்களுக்கு அவளைக் காட்டினார்கள். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை என்றால் உயிரை விடுகிறவள், அதை உரலில் இடித்துப் பொடியாக்கி வாயில் போட்டுக்கொள்வாள். மகள் ஜெயம் பிறந்தது அதற்கு அடுத்த வருடம். அந்தப் பெண் தன் அம்மாவின் பல்லைப் பார்த்ததே இல்லை.

இப்போது தேவநாதனின் உத்தியோகத்தைச் சொல்லவேண்டும். ரயிலடிக்குப் போகிற சாலையில் சக்கரபாணி டாக்டரின் பல் வைத்தியசாலை இருந்தது. டாக்டருக்குப் பல்லைப் பிடுங்கத் தெரியும். அதற்குமேல் அவரைத் தொந்தரவு செய்யக்கூடாது. பிடுங்கின இடத்தில் புதுசு கட்டுகிறவர் பின்கட்டு அறையில் உட்கார்ந்திருந்த தேவநாதன். ரோஜா நிறப் பவுடர் ஒரு டப்பா, மூக்கைத் துளைக்கிற நெடியோடு தண்ணீர் மாதிரி ஒரு மருந்து. இரண்டையும் பீங்கான் கிண்ணத்தில் கலந்து மூடி வைத்தால் சற்று நேரத்தில் சப்பாத்தி மாவு பதத்துக்கு வரும். அதைப் பித்தளை அச்சில் அடைத்து, திருகு போட்டு இறுக்கி, கொதிநீரில் வேகவைத்து எடுத்தால் ஈறு தயார். வேகிற வரைக்கும் மாவு, வெந்துவிட்டால் கல்.

இந்தத் தொழிலில் மாவு கொஞ்சம் குறைந்தாலும் ஈறில் ஓட்டை விழுந்து மொத்த வேலையும் குப்பைக்குப் போகும். அதனால் எப்போதும் தாராளமாகத்தான் கலப்பார்கள். ஒவ்வொரு செட்டுக்கும் எலுமிச்சங்காய் அளவு மாவு மிஞ்சும். மிஞ்சியதை எடுத்து வைக்கவும் முடியாது. அரைமணி போனால் ரப்பர் மாதிரி விறைத்து எதற்கும் உதவாமல் போய்விடும். மற்ற ஊர்களில் பல் கட்டுகிறவர்கள் அதை ஜன்னல் வழியாக வீசிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். தேவநாதனால் அது முடியவில்லை. அந்த மாவைப் பார்த்ததும் அவருக்குக் கை துறுதுறுக்கும். அரைமணிக்குள் எதையாவது உருட்டி, சுண்ணாம்பு அச்சில் போட்டு, வேகிற செட்டோடு சேர்த்து அதையும் வேகப் போட்டுவிடுவார்.

வீட்டுக்கு ஒவ்வொன்றாக வந்தன. சட்டைப் பொத்தான், குங்குமச் சிமிழ், குடைக்குக் கைப்பிடி, சீப்பு, பானை மூடிக்குக் குமிழ், ஜெயத்தின் சிலேட்டுப் பலகைக்குச் சட்டம். எல்லாம் ஈறு நிறம். அட்டையில் ஆறு ஆறாக வருகிற செயற்கைப் பல்லிலும் ஒருவருக்கு நான்கு போதுமென்றால் இரண்டு மிஞ்சும். அதை மட்டும் விடுவாரா? கிளி செய்து அதற்குப் பல்லைக் கண்ணாக வைத்தார். மயில் செய்து தோகை முழுக்கப் பல் பதித்தார். அடுத்த வீட்டு வெள்ளையம்மாள் ஒருநாள் நெய் கடன் கேட்க வந்தவள், மாடத்தில் இருந்த நெய்ச் சட்டியின் மூடியைப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனாள்.

"இன்னாடி கெங்கம்மா, சட்டி என்னைப் பாத்து இளிக்குது!"

வெள்ளையம்மாள் நெய் வாங்காமலே போய்விட்டாள். கெங்கம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பிச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் அவளுக்கு அழுகை வந்தது. வீட்டில் சட்டிக்குப் பல் இருக்கிறது, கிளிக்கு இருக்கிறது, மயிலுக்கு முப்பதுக்கு மேல் இருக்கிறது. அன்று அவர் சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டேவிட்டாள்.

"மயிலுக்கு வச்சதுல நாலு எனக்கு வச்சிருக்கக் கூடாதா?"

"அது ஒண்ணுக்கொண்ணு நிறம் சேராத பல்லுடி. உனக்கு வைக்கிறதுன்னா நல்ல அட்டை வரட்டும்."

நல்ல அட்டைகள் வந்தன, மிராசுதார்களின் வாய்க்குள் போயின. வருடங்களும் அப்படியே போயின.

அறுபத்து மூன்றில் அவள் தம்பி பெரியதம்பிக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. திண்டிவனத்தில் நெல் மில் ஒன்றில் ஃபிட்டராக இருந்தான். அங்கேயே சத்திரத்தில் முகூர்த்தம். தாலியில் மாப்பிள்ளை போடுவது முதல் முடிச்சு, மற்ற இரண்டும் நாத்தனார் போடவேண்டும். ஒரே அக்கா கெங்கம்மாள்தான். போட்டோக்காரருக்கு வேறு சொல்லியிருந்தார்கள். மணவறையில், ஊரே பார்க்க, இரண்டு கையாலும் முடிச்சுப் போடவேண்டும். முந்தானையைப் பிடித்துக்கொள்ள மூன்றாவது கை கிடையாது.

அவள் புருஷனிடம் போய் நின்றாள். "பல்லு இல்லாம நான் கல்யாணத்துக்கு வரமாட்டேன். முடிச்ச யாரு வேணா போட்டுக்கட்டும்."

"கோவத்துல பேசாத. உன் கூடப் பொறந்தவன் கல்யாணம்டி."

"கோவம் இல்லிங்க. நாலு பேரு எதுர்ல பொக்க வாயோட நிக்க மாட்டேன். அவ்ளோதான்."

ஒன்பது வருடத்தில் அவள் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசியது அன்றுதான். தேவநாதன் மிரண்டுபோனார். நாத்தனார் இல்லாமல் கல்யாணம் நடந்தால் காணை சனம் அவரைத்தான் பிய்த்து எடுக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமையே வீட்டில் வைத்து அவள் வாயில் மெழுகை அழுத்தி அச்சு எடுத்தார். ஊர் மணியக்காரர் ஒருவருக்கு முழுச் செட்டு கட்டியதில் மிஞ்சிய மாவு, இரண்டு அட்டையிலிருந்து ஒதுங்கிய நான்கு பல். இரண்டு பல் வெள்ளை, இரண்டு கொஞ்சம் பழுப்பு. வளைந்த தட்டும் அதன் முன்னால் நான்கு பல்லுமாகப் பத்து நாளில் வந்து சேர்ந்தது. மகானுபாவர் மனசு வைத்தால் பத்தே நாள்!

அவள் அதை வாயில் பொருத்தினாள். அண்ணத்தோடு பச்சென்று ஒட்டிக்கொண்டது. குங்குமச் சிமிழின் மூடியில் இருந்த கண்ணாடியில் பார்த்தாள். நிறம் சேரவில்லை என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. ஜெயம் எதிரே வந்து அண்ணாந்து பார்த்தாள்.

"அம்மா, நீ அழகா கீற."

கெங்கம்மாள் ஓடிப்போய் வறுத்த மல்லாட்டை நான்கை எடுத்து முன்பல்லால் கடித்தாள். நறுக்கென்று சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்காக இன்னும் நான்கு கடித்தாள். சந்தோஷத்தில் அவளுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. கால்மணி நேரம் இந்தக் கொண்டாட்டம். அப்புறம் தேவநாதன் கையை நீட்டினார்.

"ஓரம் கூரா கீது. பாலிஷ் போட்டு நாளைக்குக் குடுக்கறேன்."

கொடுத்தாள். எட்டாம் நாளும் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். "பாலிஷ் ஆச்சா?" "ஆயிக்கினே கீது." "இன்னும் ஆவலியா?" "பேஜாரு பண்ணாத, கல்யாணத்துக்கு முன்ன வாயில இருக்கும்."

அவர் பேஜாருக்குக் காரணம் உண்டு. எட்டு மாதமாக அவர் மிச்ச மாவில் செஞ்சிக் கோட்டை கட்டிக்கொண்டிருந்தார். ஆமாம், ராஜகிரி மலை, மதில், களஞ்சியம், கல்யாண மகால், எல்லாம். ஒரு செட்டில் மிஞ்சியது ஒரு கொத்தளம், அடுத்த செட்டில் மிஞ்சியது பத்துப் படிக்கட்டு. மதில் மேலே வரிசையாக மிச்சப் பற்களைக் கைப்பிடிச் சுவராக நட்டிருந்தார். தூரத்தில் பார்த்தால் கோட்டை, கிட்டே போனால் கொட்டாவி விடுகிற பெரிய வாய். கல்யாணத்துக்கு முந்தின நாள் அதே திண்டிவனத்தில் பஞ்சாயத்து யூனியன் பொருட்காட்சி. கழிவுப் பொருளில் கைத்திறன் காட்டுவதற்கென்று தனியாக ஒரு பரிசு. சக்கரபாணி டாக்டர் அவர் பெயரைக் கொடுத்துவிட்டார். கோட்டையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்த டாக்டர் ஒரே ஒரு குறைதான் சொன்னாராம், வாசல் எடுப்பாக இல்லை என்று. கெங்கம்மாளுக்கு இது காதில் விழுந்தது. கோட்டைக்கு வாசல் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலை பாசஞ்சரில் புறப்பட்டார்கள். கோட்டை சாக்குக்குள் இருந்தது. அதற்குத் தனியாக ஒரு ஜன்னலோரம். ஜெயம் நின்றுகொண்டு வந்தாள். முண்டியம்பாக்கம் தாண்டியதும் கெங்கம்மாள் கேட்டாள்.

"பல்லு எங்கங்க?"

"பத்திரமா கீது. திண்டிவனத்துல தர்றேன்."

பத்திரமாகத்தான் இருந்தது. திண்டிவனத்தில் ஜெயத்தைச் சத்திரத்தில் தம்பியிடம் விட்டுவிட்டு, பல்லை வாங்கிக்கொண்டே திரும்பலாம் என்று அவள் பொருட்காட்சிப் பந்தலுக்குக் கூடவே போனாள். தேவநாதன் மேஜைமேல் கோட்டையை வைத்துச் சாக்கை உருவினார். கூட்டம் "ஆ" என்றது. கெங்கம்மாள் பார்த்தாள். கோட்டை வாசலில் அருமையான ஒரு வளைவு, வளைவின் உச்சியில் கலசம் மாதிரி நான்கு பல். இரண்டு வெள்ளை, இரண்டு பழுப்பு.

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அவர் காதருகே போனாள்.

"இன்னாங்க பண்ணி வச்சிருக்கீங்க?"

"ச்சூ, மெதுவா. சொம்மா மெழுகாலதான் ஒட்டியிருக்கேன். சாயங்காலம் காட்சி முடிஞ்சதும் புட்டுக் குடுத்துடறேன். முகூர்த்தம் நாளைக்குக் காலையிலதான? இன்னா வளைவு பாத்தியா? நானா செஞ்சா வருமா இது? உன் வாய்ல எடுத்த அளவுடி!"

கடைசியில் சொன்னதைப் பெருமையாக வேறு சொன்னார். ஒன்பது வருடம் காத்திருந்தவளுக்கு ஒரு சாயங்காலம் என்ன பெரிது? கெங்கம்மாள் மேஜைப் பக்கமாகவே நின்றுகொண்டாள். கோட்டையை யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்கிற பயத்தில் தண்ணீர் குடிக்கக்கூட நகரவில்லை. அக்கம்பக்கத்தார் அதைக் கணவன் கலைமேல் அவளுக்குள்ள பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள்.

பதினொரு மணிக்கு அதிகாரி வந்தார். தேங்காய்ச் சிரட்டையில் செய்த விளக்கைப் பார்த்தார், கிழிந்த டயரில் செய்த செருப்பைப் பார்த்தார், கோட்டைக்கு முன்னால் வந்து நின்றே விட்டார். எதில் செய்தது என்று கேட்டார். சொன்னதும் தன் வாயை ஒருதரம் தடவிப் பார்த்துக்கொண்டார். "என் ஐடியாதான் சார்" என்று சக்கரபாணி டாக்டர் எங்கிருந்தோ முளைத்தார். வாசல் வளைவு பிரமாதம் என்றார் அதிகாரி. முதல் பரிசு கோட்டைக்கு என்று மைக்கில் சொன்னார்கள். ஒரு சுவர்க் கடிகாரமும் சான்றிதழும் கொடுத்தார்கள். கை தட்டினார்கள். கெங்கம்மாளும் தட்டினாள், பாவம்.

அதிகாரி மறுபடியும் தேவநாதன் பக்கம் திரும்பினார்.

"இது கடலூர்ல நடக்கிற ஜில்லாப் பொருட்காட்சிக்குப் போகணும். ஜீப் வெளியில ரெடியா இருக்கு, இப்பவே ஏத்திடறோம். கண்ணாடிப் பெட்டியில பூட்டி ஒரு மாசம் வச்சிருப்பாங்க. உங்களுக்கு ஆட்சேபணை ஒண்ணும் இல்லையே?"

கெங்கம்மாள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். இப்போது சொல்வார். ஒரு நிமிஷம் இருங்க ஐயா, இதில் ஒரு சாமான் என் சம்சாரத்துடையது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவர் அவள் பக்கம் திரும்பினார். அவளைப் பார்த்தார். பார்க்கவில்லை என்று பிற்பாடு சத்தியம் செய்ய முடியாது, நன்றாகவே பார்த்தார். பிறகு அதிகாரியைப் பார்த்துக் கும்பிட்டார்.

"என் பாக்கியமுங்க ஐயா."

கெங்கம்மாளுக்கு மாடு முட்டியபோது இவ்வளவு வலிக்கவில்லை. அது மாடு.

அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். இரண்டு கையையும் செஞ்சிக் கோட்டைக்குள் விட்டு வாசலைப் பிடித்தாள். ஒரு திருகு திருகினாள். மெழுகு விட்டுக்கொடுத்தது. பந்தல் ஓரத்தில் இருந்த தண்ணீர்ப் பானையில் மொண்டு கழுவி, ஒட்டியிருந்த மெழுகை நகத்தால் சுரண்டி, வாயில் பொருத்திக்கொண்டு திரும்பினாள். அதிகாரி கோட்டையில் இருந்த ஓட்டையைப் பார்த்தார், அவள் வாயைப் பார்த்தார்.

"ஏம்மா! இது முதல் பரிசு வாங்கின கோட்டை!"

"பரிசு கோட்டைக்குத்தானுங்க," என்றாள் கெங்கம்மாள், முழு வாயையும் திறந்து, எல்லாருக்கும் கேட்கும்படி. "பல்லு என்னுது."

சொல்லிவிட்டு யாரையும் திரும்பிப் பார்க்காமல் சத்திரத்துக்கு நடந்தாள்.

மறுநாள் அவள் முடிச்சுப் போட்டாள். ஒன்றுக்கு இரண்டு சுற்றாக இறுக்கிப் போட்டாள். போட்டோக்காரர் "கொஞ்சம் சிரிங்க" என்று மணமக்களைப் பார்த்துச் சொன்னதற்கு, பின்னால் நின்ற நாத்தனார்தான் சிரித்தாள். பந்தியில் முறுக்கைக் கடித்துத் தின்றாள். வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் முகத்துக்கு நேராகவே பதில் சொன்னாள். "கோட்டையப் பாத்துக்க ஆள் வேணுமில்ல, கடலூர் போயிருக்காரு." அது உண்மைதான். கோட்டை வழியில் ஆட்டம் கண்டுவிடப் போகிறதே என்று தேவநாதன் அதை மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பிலேயே ஏறிப் போய்விட்டார். மச்சினன் கல்யாணம் எங்கே போய்விடும்? அதுபாட்டுக்கு நடக்கும். நடந்துவிட்டது.

நான்காம் நாள் மத்தியானம் விழுப்புரம் வந்து சேர்ந்தார். முகம் சுண்டிக் கிடந்தது. கெங்கம்மாள் இலை போட்டுச் சோறு வைத்தாள். இரண்டு கவளம் இறங்கிய பிறகு அவராகவே பேசினார்.

"அவ்ளோ பெரிய கடலூர்டி. அத்தினி பேரு பாத்துட்டுப் போனாங்க. கோட்டைக்கு வாசலக் காணோமேன்னு ஒருத்தன், ஒரே ஒருத்தன் கேக்கல."

"எனக்கு ஒம்போது வருசம் காணோம். நீங்க கேட்டீங்களா?"

தேவநாதன் கவளத்தை உருட்டிக்கொண்டே இருந்தார். உருட்டுவதில்தான் கெட்டிக்காரர் ஆயிற்றே. பிறகு தலையை நிமிர்த்தி அவள் வாயைப் பார்த்தார். அப்படிப் பார்த்தால் தொழில் புத்தி சும்மா இருக்குமா?

"வலது பக்கம் ஏறிக்கினு கீது. குத்துதில்ல?"

குத்தத்தான் செய்தது. மூன்று நாளாக அந்த இடத்தில் ஈறு கன்றிப் போயிருந்தது. வெந்நீர்கூடப் படவிட முடியவில்லை. "குத்துது" என்றாள்.

"கழட்டிக் குடு. அஞ்சு நிமிசம், தேய்ச்சுக் குடுத்துடறேன்."

இடது கையை நீட்டினார். அசல் அக்கறையோடுதான் நீட்டினார், அதில் பொய் இல்லை. கெங்கம்மாள் அந்தக் கையைப் பார்த்தாள். விழுப்புரத்தில் பாதிப் பேரை முறுக்குக் கடிக்க வைத்த கை. எவ்வளவு நேரம் நீட்டினாலும் வலிக்காத கை.

"குத்தினா குத்தட்டும்," என்று சொல்லிவிட்டு ரசம் எடுத்துவர எழுந்து போனாள்.